ஈபர்ப் அபாயக் கருவி: விதியும் பதிவும்

கப்பல் மூழ்கும்போது செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் மிதக்கும் கருவிதான் ஈபர்ப். வெளிநாட்டுப் பயணம் போகும் பயணிகள் கப்பல்களும் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களும் இதை வைத்திருக்க வேண்டும் என்கிறது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸ். சிறு படகுகளுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம்.

கருவி 406 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சமிக்ஞை, காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுத் தேடல்-மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போய்ச் சேரும். இதற்குச் சந்தா கிடையாது. 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய கருவிகளைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கவனிப்பதில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது பதிவில்தான். கருவியின் லேபிளில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 15 இலக்க அடையாளக் குறி இருக்கும். அதை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, படகு பதிவான நாட்டின் அதிகார அமைப்பிடம் பதியுங்கள். எட்டும் ஆங்கில 'பி'யும் எளிதில் மாறிப்போகும். படகின் பெயர், நிறம், ஆள் கொள்ளளவு, கரையிலிருக்கும் இருவரின் தொலைபேசி எண்கள் தேவை. கூடவே கடலுக்கு வருபவரின் எண்ணைக் கொடுத்துப் பயனில்லை. சமிக்ஞை வந்ததும் மையம் முதலில் அந்த எண்களைத்தான் அழைக்கும். படகை விற்றுப் பதிவை மாற்றாவிட்டால், பழைய உரிமையாளர் வீட்டில்தான் மணி அடிக்கும்.

தானாக விடுபடும் வகைக் கருவி என்றால், 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தத்தால் இயங்கும் விடுவிப்பான், கருவியை மேலே அனுப்பும். விடுவிப்பானைப் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலாவதித் தேதி அதன் மேலேயே இருக்கும். கூரைக்கு அடியில் மாட்டினால் கருவி மேலே வர வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். அதன் கயிற்றைப் படகில் கட்டிவைப்பது இன்னும் மோசம்: படகோடு கருவியும் அடிக்குப் போகும். அந்தக் கயிறு, உயிர்காக்கும் மிதவைப் படகில் கட்டுவதற்கு.

இயக்கிய பின், ஆன்டெனா செங்குத்தாக வானம் பார்த்து இருக்கட்டும். மீட்பவர்கள் சொல்லும்வரை அணைக்காதீர்கள். பேட்டரி குறைந்தது 48 மணி நேரம் தாங்கும்.

சோதனைக்கு 'டெஸ்ட்' பொத்தான் மட்டும்தான். அதையும் கையேடு சொல்லும் இடைவெளியில் அழுத்தினால் போதும், அடிக்கடி அழுத்தினால் பேட்டரி தீரும். தவறுதலாக இயங்கிவிட்டால் அணைத்துவிட்டுச் சும்மா இருக்காமல், உடனே மீட்பு மையத்துக்குச் சொல்லுங்கள். அதற்குள் தேடல் தொடங்கியிருக்கலாம்.

பழைய கருவியை அப்படியே குப்பையில் போட்டால் அங்கிருந்தும் சமிக்ஞை கிளம்பும். பேட்டரியைத் துண்டித்து, பதிவை ரத்து செய்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.