மொட்டை மாடி வெயிலும் ஏர் ஃப்ரையர் பீன்ஸும்

காய்கறிக் கடையில் பீன்ஸ் வாங்கும்போது ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்ப்பது நம் வழக்கம். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து கொடுத்தால் வாடிய காய். அந்த ‘டக்’ தண்ணீரின் ஓசை. பச்சை பீன்ஸின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். காற்றடைத்த சைக்கிள் டியூப் போல, ஒவ்வொரு செல்லும் உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தால் விறைத்து நிற்கிறது. ஒடிக்கும்போது செல்கள் வரிசையாக வெடிக்கின்றன.

நன்றாகப் பொரிந்த பீன்ஸைக் கடித்தாலும் ஓசை வருகிறது. இது தண்ணீர் இல்லாததால் வரும் ஓசை. ஈரம் போனபின் செல் சுவர்களும் அவற்றோடு இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் இறுகி, கண்ணாடியின் இயல்பை அடைகின்றன. உணவு அறிவியலில் இதற்குக் ‘கண்ணாடி நிலை’ என்றே பெயர். இறுகிய பொருள் வளையத் தெரியாமல் நொறுங்குகிறது. தமிழ் இவ்விரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. வெள்ளரிப் பிஞ்சு நறுக்கென்று இருக்கும், முறுக்கு மொறுமொறுவென்று இருக்கும். யாரும் மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

நறுக்குக்கும் மொறுமொறுப்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. சூடு ஏறும்போது முதலில் செல் சவ்வுகள் கிழிகின்றன. நீர் வெளியேறாமல் காயிலேயே இருக்கும், ஆனால் அழுத்தம் போய்விடும். பிறகு, செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரையத் தொடங்கும். காய் துவளும். பொரியலுக்கு நாம் வேண்டுவது இந்தத் துவளல்தான். மொறுமொறுப்பு வேண்டுமென்றாலோ இந்தப் பள்ளத்தைக் கடந்து மறுகரை ஏற வேண்டும். சூடான காற்றை வீசிச் சமைக்கும் ஏர் ஃப்ரையரில் வைத்த பீன்ஸ் தொய்ந்துபோய் வந்தது என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் பள்ளத்தின் நடுவிலேயே நின்றுவிட்டவர்கள்.

கடப்பதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? கணக்குப் போட்டுவிடலாம். கால் கிலோ பீன்ஸில் ஏறத்தாழ 225 கிராம் தண்ணீர். முழுக்கக் காய்ந்த பீன்ஸ் யாருக்கும் வேண்டாம். தோல் மொறுமொறுத்து உள்ளே கொஞ்சம் சதை மிஞ்ச வேண்டும். அதற்கு 100 கிராம் தண்ணீரையாவது வெளியேற்றுவதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கிராம் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 300 ஜூலுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 2,257 ஜூல். சூடாக்குவதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு! பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் நம் சமையலறையில் உட்கார்ந்திருப்பது இங்கேதான். பீன்ஸைச் சூடாக்க 70,000 ஜூல், நீரை விரட்ட 2,25,000 ஜூல் என்று கூட்டினால், மூன்று லட்சம் ஜூலை நெருங்குகிறது. 1,500 வாட் கருவி, அதாவது நொடிக்கு 1,500 ஜூல் தரும் கருவி, தன் முழு வெப்பத்தையும் பீன்ஸுக்கே கொடுத்தால் வேலை 200 நொடியில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுப்படியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. கூடையும் சுவரும் வெப்பத்தைக் குடிக்கின்றன. பின்புறத் துளை வழியே சூடான காற்று வெளியேறுகிறது. அதற்கெல்லாம் மேலாக, வெப்பத்தைச் சுமக்கும் வேலைக்குக் காற்று மிக மோசமான ஆள்.

எவ்வளவு மோசம் என்பது நம் கைக்கே தெரியும். 200 டிகிரியில் இருக்கும் பேக்கரி அடுப்புக்குள் கையை நீட்டி ஒரு நொடியில் எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. 100 டிகிரி இட்லிப் பானையின் ஆவி பட்டால் தோல் வெந்துபோகும். ஒரு லிட்டர் எண்ணெய் தன் சூட்டில் ஒரு டிகிரியை இழக்கும்போது எவ்வளவு வெப்பம் தருகிறதோ, அதே ஒரு டிகிரியை இழந்து அவ்வளவு வெப்பத்தைத் தர 200 டிகிரிக் காற்று இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் விசிறி. காயை ஒட்டி, அசையாத காற்றும் அதிலிருந்து கிளம்பிய ஆவியுமாக மெல்லிய போர்வை ஒன்று படிந்திருக்கும். விசிறி அந்தப் போர்வையை விலக்கி, புதிய சூடான காற்றை ஓயாமல் கொண்டுவந்து கொட்டுகிறது. கருவியின் மேல்புறத்தில் சூடாகும் கம்பிச்சுருள், அதற்கு மேல் விசிறி, கீழே துளையிட்ட கூடை. அவ்வளவுதான் ஏர் ஃப்ரையர்.

இது புத்தம் புதிய எண்ணமும் அல்ல. 1945ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வில்லியம் மேக்சன், விமானங்களில் உறைந்த உணவைச் சூடாக்க விசிறி வைத்த அடுப்பைச் செய்திருக்கிறார். நெதர்லாந்துக்காரர் ஃப்ரெட் வான் டெர் வெய் உருவாக்கிய வடிவத்தை பிலிப்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அதன்பிறகுதான் ‘ஏர் ஃப்ரையர்’ என்ற பெயர் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தப் பெயரோடுதான் எனக்கு வழக்கு. பெயரில் பொரிப்பு இருப்பதால் வாணலிக்கு மாற்று என்று நினைத்துவிடுகிறோம். எண்ணெயில் முங்கிய காய்க்கு எல்லாப் பக்கமும் வெப்பம் ஒரே வேகத்தில் பாய்கிறது. காற்றில் நடப்பதோ வேறு. நீர் ஆவியாகி ஆவியாகி, காற்று அதை அடித்துக்கொண்டு போகிறது. இது உலர்த்துகிற கருவி. இதன் உறவு வாணலியோடு இல்லை, மொட்டை மாடி வெயிலோடுதான்.

கொத்தவரங்காய் வற்றல் போடுவதை நினைத்துப் பாருங்கள். உப்பு நீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, மாடியில் துணி விரித்துக் காயவைப்பார்கள். நாலைந்து வெயில் பட்டதும் காய் சுருங்கிக் கையில் கலகலக்கும். டப்பாவில் போட்டு மூடினால் மாதக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது சூடான எண்ணெயில் சில நொடி. நீரை விரட்டும் நீண்ட வேலையை, காசில்லாமல் கிடைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்துவிட்டு, நிறமும் மணமும் ஏற்றும் குறுகிய வேலையை மட்டும் எண்ணெய்க்கு வைத்தார்கள் நம் பாட்டிமார்கள். உள்ளுறை வெப்பம் என்ற சொல் தெரியாமலேயே அதன் செலவைக் கணக்கிட்டுப் பிரித்த அந்த அறிவை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஏர் ஃப்ரையர் இவ்விரு வேலைகளையும் ஒரே கூடையில், பத்து நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறது. அது சறுக்கும் இடங்கள் எல்லாமே முதல் வேலையில், அதாவது உலர்த்துவதில்தான்.

முதல் சறுக்கல், கூடையை நிரப்புவது. எட்டு மில்லிமீட்டர் தடிமனும் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பீன்ஸ் படுத்தால் ஏறத்தாழ பத்துச் சதுர சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். இருபதுக்கு இருபது கூடையில் 400 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரே அடுக்காகப் பரப்பினால் நாற்பது காய். எடை 200 முதல் 250 கிராம். கால் கிலோ என்பது எல்லைக்கோடு. அரைக் கிலோவைக் கொட்டினால் அடியில் கிடக்கும் காய்கள் விடும் ஆவி மேலே போக வழியில்லாமல் தேங்கும். ஏர் ஃப்ரையர் இட்லிப் பானையாகிவிடும். நடுவில் ஓரிரு முறை கூடையைக் குலுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்த முகங்கள் அப்போதுதான் காற்றைப் பார்க்கின்றன.

இரண்டாவது, கழுவிய ஈரத்தோடு போடுவது. காய்களில் ஒட்டியிருப்பது பதினைந்து கிராம் நீர்தான் என்றாலும், அதை ஆவியாக்க ஏறத்தாழ 38,000 ஜூல் போய்விடும். மேலே பார்த்த மொத்தக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு! கழுவிய காயைத் துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் பரப்பிவைத்தால் அந்தச் செலவு மிச்சம். உப்பை முன்கூட்டியே பிசிறி வைப்பதும் கூடாது. அது உள்ளிருக்கும் நீரைத் தோலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு தேக்கரண்டி எண்ணெய் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கால் கிலோ பீன்ஸின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 1,350 சதுர சென்டிமீட்டர். ஐந்து மில்லிலிட்டர் எண்ணெயை அதன்மேல் சீராகப் பூசினால், படலத்தின் தடிமன் தலைமுடியில் பாதிதான் இருக்கும். அந்த மெல்லிய படலம் செய்யும் வேலை பெரிது. எண்ணெய் வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு. தோலின் சுருக்கங்களில் புகுந்து, காற்று எட்டாத இடத்துக்கும் சூட்டைக் கொண்டுபோகிறது. தண்ணீரைப் போல ஆவியாகிக் குளிர்விப்பதும் இல்லை. எண்ணெயே வேண்டாம் என்று வீம்பு பிடித்தால் கிடைப்பது தோல்போன்ற ஒரு பீன்ஸ். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏர் ஃப்ரையருக்குக் கண்ணாடிச் சாளரம் இருந்தால் ஒரே ஒரு காயை மட்டும் விடாமல் பாருங்கள். முதல் ஓரிரு நிமிடத்தில் பச்சை இன்னும் பளிச்சென்று ஆகும். செல்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறுவதால் வரும் தெளிவு அது. பிறகு தோல் மங்கும். பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு அமர்ந்திருக்கிறது. சூட்டில் செல்களிலிருந்து கசியும் அமிலம் அதை வெளியே தள்ளிவிட, நிறம் இலைப்பச்சையிலிருந்து பாசிப்பச்சையாகிறது. காம்பு கிள்ளிய முனையில் சிறு குமிழி தோன்றி அடங்கும். பீன்ஸின் தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் எளிதாகக் கடக்க முடியாது. உள்ளே கூடாக இருக்கும் காயில் திரளும் ஆவிக்கு அந்தக் கிள்ளிய முனைதான் வாசல். காயை நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்தால் சீக்கிரம் மொறுமொறுப்பதும் வாசல் பெரிதாவதால்தான். பிறகு தோல் சுருங்கி, விதைகள் புடைத்துத் தெரியும். கடைசியில் முனையிலும், தோல் கொப்புளித்த இடங்களிலும் பழுப்புப் புள்ளிகள் விழும்.

அந்தப் புள்ளிகளைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் 200 டிகிரிக் காற்று வீசினாலும், ஈரம் இருக்கும்வரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மண்பானை நீர் கசிந்து குளிர்கிறதே, அதே விதி. அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து வறுத்த மணத்தைத் தரும் வினையோ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கிறது. 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்ததால் அதற்கு மயார் வினை என்று பெயர். ஆக, பழுப்பு விழுந்த இடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. சமையல் குறிப்பு சொல்லும் நிமிடங்களை விட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்கு காயிலாவது புள்ளி விழுந்ததா என்று பார்த்து நிறுத்துவதே என் வழக்கம்.

மாவு பூசலாமா? பஜ்ஜி மாவு போலத் தளரக் கரைத்தது உதவாது. சூடான எண்ணெய் அதை நொடியில் இறுக்கிவிடும். காற்றில் இறுகுவதற்குள் துளை வழியே ஒழுகிவிடும். காயில் எண்ணெயையும் சில சொட்டு நீரையும் பிசிறி, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைத் தூவினால் சரியாக இருக்கும். மாவுச்சத்து கொஞ்சம் நீரைக் குடித்து வெந்து, பிறகு காய்ந்து, கண்ணாடி நிலைக்குப் போகும். உலர்ந்த மாவாகவே தூவினால் விசிறி ஊதித் தள்ளிவிடும்.

இனி, கூடையை வெளியே எடுத்த பிறகு. மறந்துவிடக் கூடாது, 225 கிராமில் 125 கிராம் தண்ணீர் இன்னும் காய்க்குள்ளேதான் இருக்கிறது. சூடு தணியத் தணிய அது காய்ந்த தோலை நோக்கி நகர்கிறது. வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி அடைமழையில் வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தாலும், அதே காற்றை 200 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் அரைச் சதவீதத்தைக்கூட எட்டாது. கருவிக்குள் இருந்தவரை பீன்ஸுக்குப் பாலைவனக் காற்று. தட்டில் விழுந்ததும் மழைக்காலக் காற்று. கண்ணாடி நிலையில் இருந்த தோலுக்குள் நீர் புகுந்து அதை மறுபடி வளையவைக்கிறது. அப்பளம் நமுத்துப்போவதும் இதனால்தான். வற்றல் டப்பாவில் மாதக்கணக்கில் தாங்குவது, உள்ளே நகர்வதற்கு நீரே மிஞ்சாததால்.

எனவே சூடான பீன்ஸைக் கிண்ணத்தில் குவிக்காமல் அகன்ற தட்டில், முடிந்தால் கம்பி வலைமேல், பரப்புங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் மிச்ச ஆவி தோலை நனைக்காமல் பறந்துவிடும். உப்பும் மிளகும் இப்போது தூவலாம். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டில் கட்டிக்கொடுக்க இது ஏற்ற பண்டம் அல்ல. மூடிய டப்பாவுக்குள் அரை மணியில் துவண்டுவிடும். அதற்கு வழக்கமான தேங்காய்ப் பொரியலே மேல். மொறுமொறு பீன்ஸ் வேண்டுமென்றால் வீட்டில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு கூடையை வெளியே எடுங்கள்.