முதல் மழையின் மணமும் மூன்றாம் மழையின் நாற்றமும்

ஐப்பசியில் வானம் கறுத்து முதல் தூறல் விழும்போது வட சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் சிறுவர்கள் வெளியே ஓடிவருவார்கள். பெரியவர்கள் உள்ளே ஓடி, தரையில் இருக்கும் அரிசி மூட்டையையும் ரேஷன் அட்டை வைத்த பையையும் பரணில் ஏற்றத் தொடங்குவார்கள். நானும் காலப்போக்கில் முதல் கூட்டத்திலிருந்து இரண்டாம் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தவன்தான். ஆனாலும் கையில் மூட்டையோடு நிற்கும்போது மண்வாசனை மூக்கில் ஏறினால், ஒரு கணம் மனம் குளிர்ந்துவிடுகிறது. மழையைக் கண்டு அஞ்சுகிறவனுக்கு மழையின் வாசனை மட்டும் ஏன் இனிக்க வேண்டும்?

அந்த மணத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் சூட்டியவர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஆண்டு 1964. வெயில் காலத்தில் செடிகொடிகளிலிருந்து வெளியேறும் எண்ணெய்ப் பொருள்கள் மண்ணிலும் கல்லிலும் படிந்து கிடந்து, ஈரம் பட்டதும் மணக்கின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இதே மணத்தை வடித்து அத்தராக விற்பது அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்த தொழில். இந்தக் கலவையில் நம் மூக்கு உடனே அடையாளம் காணும் பொருள் ஜியோஸ்மின். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்த அதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனப் பாக்டீரியாக்கள் மண்ணில் இதை உண்டாக்குகின்றன. ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

மண்ணில் கிடக்கும் பொருள் காற்றில் ஏறுவது எப்படி என்பதை 2015இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்கள். நுண்துளைகள் உள்ள தரையில் துளி விழும்போது துளைகளில் இருந்த காற்று துளியின் அடியில் சிறு குமிழ்களாகச் சிக்கிக்கொள்கிறது. அந்தக் குமிழ்கள் மேலேறி வெடிக்க, கோலி சோடாவைத் திறந்ததும் தெறிப்பதைப் போல நுண்துளிகள் மண்ணின் மணத்தைச் சுமந்து பறக்கின்றன. தூறலிலும் மிதமான மழையிலும் இது மிகுதி. கொட்டும் மழையில் குறைவு. மண்வாசனை முதல் மழைக்கே உரியதாக இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாம் நாள் மழைக்கு எங்கள் பகுதியில் வேறு மணம் உண்டு. வட சென்னை கடலை ஒட்டிய தட்டையான நிலம். ஓட்டேரி நல்லா ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயில் சேர, அந்த நீர் எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலை அடைய வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் வடிகின்ற வேகம் குறைந்து, மழைநீர் சாக்கடையோடு கலந்து தெருவுக்கே திரும்புகிறது. பிராணவாயு இல்லாத சகதியில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை போல நாறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க்காரர்களுக்கு அதற்கும் மேலாக வெள்ளத்தில் மிதந்து வந்த கச்சா எண்ணெயின் வாடையும் சேர்ந்தது.

ஆக, சிறுவயது மழையும் பெரியவர்களின் மழையும் இரு வேறு மணங்களோடு நினைவில் பதிந்திருக்கின்றன. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மூளைப் புறணிக்குச் செல்கின்றன. மணம் மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கு நேராகவும், நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸுக்கு மிகச் சில படிகளிலும் போய்விடுகிறது. சொல்லோ படமோ கிளறிவிடும் நினைவுகள் பெரும்பாலும் பதின்பருவத்தையும் இருபதுகளையும் சேர்ந்தவையாக இருக்க, மணம் கிளறும் நினைவுகள் பத்து வயதுக்கு முந்தையவையாக இருப்பது அதிகம் என்று ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அந்த வயதில் மழை என்றால், கலெக்டர் அறிவிக்கும் திடீர் விடுமுறை. எதிர்பாராமல் கிடைக்கும் பரிசுக்கே, மூளையில் பரிசை உணர்த்தும் டோபமைன் நரம்பணுக்கள் மிகுதியாகத் துடிக்கின்றன என்பதை நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துக் கண்டறிந்தார். வருமென்று முன்பே தெரிந்துவிட்டால், கையில் கிடைக்கும்போது அந்தத் துடிப்பு எழுவதில்லை. இரண்டு நாள் முன்னதாகவே 'ரெட் அலர்ட்' செய்தியைப் பார்த்துவிடும் எனக்கு மழை திடீரென்று வருவதே இல்லை.

மணத்தை இனியதாகவோ கெட்டதாகவோ மதிப்பிடுவதில் சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதற்கு நல்ல சான்று காசிமேட்டு மீன் சந்தையிலேயே கிடைக்கும். கடல்மீன் தின்று பழகியவர்கள் ஏரிமீனைச் 'சேத்து வாடை' என்று ஒதுக்குவார்கள். அந்த வாடைக்கு முக்கியக் காரணமும் அதே ஜியோஸ்மின்தான். நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் அதை உண்டாக்க, மீனின் கொழுப்பில் அது சேர்கிறது. காற்றில் வந்தால் ரசிக்கும் பொருளையே தட்டில் கண்டால் வெறுக்கிறோம். (ஜியோஸ்மின் அமிலத்தில் சிதைந்து மணத்தை இழக்கும். ஏரிமீனுக்குப் புளியைக் கூட்டிக் கரைத்த பாட்டிகள் வேதியியல் படித்தவர்கள் அல்லர்.)

பயமும் இப்படிப் பழகி வருவதுதான். சென்னையை வெள்ளம் சூழ்ந்த 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு போன்ற ஓர் இரவு போதும். ஓட்டில் விழும் துளியின் சத்தத்தையும் சாக்கடை மணத்தையும் அபாயத்தின் அறிகுறியாக அமிக்டலா குறித்துவைத்துக்கொள்ளும். ஆனால் புதிய பாடம் பழைய பாடத்தை அழிப்பதில்லை. ஒலி கேட்டதும் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு, உணவு தராமலே திரும்பத் திரும்ப ஒலியெழுப்பி எச்சில் ஊறுவதை நிறுத்திய ரஷ்ய ஆய்வாளர் பாவ்லவ், சிறிது இடைவெளி விட்டுச் சோதித்தபோது எச்சில் தானாகவே மீண்டும் ஊறுவதைக் கண்டார். என் மூளையிலும் விடுமுறை மழை அழியவில்லை என்றே நினைக்கிறேன். அச்சத்தைத் தூண்டும் அறிகுறிகள் ஒலியிலும் நாற்றத்திலும் இருக்க, மண்வாசனை அவற்றில் சேராமல் தப்பிவிட்டது. முட்டளவு தண்ணீர் நிற்கும் நாளில் அந்த வாசனை இருப்பதே இல்லையே.

அது நீடிப்பதும் மண்ணின் துளைகள் நீரால் நிரம்பும் வரையிலான சில நிமிடங்கள்தான். தெருவுக்குச் சிமெண்ட் போட்ட பிறகு எங்கள் வாசலில் அதுவும் குறைந்துவிட்டது. ரயில் பாதையோரத்துக் காலியிடத்திலிருந்து காற்று இந்தப் பக்கம் வீசினால்தான் கிடைக்கிறது.