மூன்று பில்லியன் டாலர் வந்ததே, மருந்து எங்கே?

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மருந்தகம் நடத்துகிறேன். சென்ற வாரம் ஓர் அக்கா, பை நிறைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். யாழ்ப்பாணத்து மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்ப வேண்டுமாம். பாதி அட்டைகளில் காலாவதித் தேதி இருந்த மூலையே இல்லை. உடன் வந்த கணவர் கேட்டார்: “இலங்கைக்கு ஐ.எம்.எஃப்., அதாவது பன்னாட்டு நாணய நிதியம், மூன்று பில்லியன் டாலர் கொடுத்ததே, அதை என்னதான் செய்தார்கள்?”

இந்தக் கேள்வி எத்தனை முறை என் காதில் விழுந்திருக்கிறது என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.

ஐயா, அது மருத்துவமனைக்கு வந்த பணம் அன்று. 2023 மார்ச்சில் அனுமதித்த அந்தக் கடன் நான்கு ஆண்டுகளுக்கானது. நிதியத்தின் ஒவ்வொரு மீளாய்வும் முடிந்த பிறகே அடுத்த தவணை வரும். டாலர் கையிருப்பையும் அரசின் வரவுசெலவையும் தாங்கிப் பிடிக்கத்தான் அது. பாராசிட்டமோலுக்கு இவ்வளவு என்று அதில் தனிக்கணக்கு கிடையாது. ‘நிதியம்தான் மருந்தை நிறுத்தியது’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்: தட்டுப்பாடு 2022இலேயே வந்துவிட்டது. இறக்குமதி செய்ய டாலர் இல்லை, அவ்வளவுதான்.

கடன் மருத்துவமனையைத் தொடும் இடம் வேறு. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 2025 முதல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.3 விழுக்காடு அரசிடம் மிஞ்ச வேண்டும் என்பது இலக்கு. முதல் தவணை கைக்கு வருமுன்பே, 2023 ஜனவரியில், வருமான வரியின் உச்ச விகிதம் 36 விழுக்காடானது. அதை எதிர்த்து மருத்துவர்கள் வீதிக்கு வந்தார்கள். பலர் விமானம் ஏறினார்கள். சில இடங்களில் வார்டைப் பார்க்கவே ஆள் இல்லை. சமூகச் செலவு இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்றும் ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது கட்டாய நிபந்தனை அன்று, வெறும் இலக்கு.

(மலேசியர்களாகிய நாம் நிதியத்திடம் போகவில்லை என்று மார்தட்ட வேண்டாம். ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1997 டிசம்பரில், அதனிடம் கடன் வாங்காமலேயே அரசுச் செலவை வெட்டியவர்கள் நாம்.)

சுகாதார ஒதுக்கீடு கூடியது என்று செய்தி வந்தால் உடனே நம்பாதீர்கள். ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, விலைவாசி எவ்வளவு ஏறியது என்று பாருங்கள்.

மிச்ச மாத்திரைகளை அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்து நன்கொடைக்கு ஆகாது. போய்ச் சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். முதலில் அந்த மருத்துவமனையின் மருந்துப் பிரிவிடம் பட்டியல் கேளுங்கள்.

அக்காவின் பையை வாங்கி வைத்திருக்கிறேன், அழிப்பதற்கு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.