ஊசி குத்திய இடமெல்லாம் குளிர்

குன்னூருக்குக் குடிவந்த முதல் மார்கழியில் நானே ஒரு ரஜாய் தைத்தேன். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் மேலும் கீழும், நடுவில் ஒன்றரைக் கிலோ பருத்திப் பஞ்சு. பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று ஓர் அங்குலத்துக்கு ஒரு கோடாக நீளவாக்கில் மிஷினில் ஓட்டித் தள்ளினேன். வரிவரியாக, கோடு போட்ட நோட்டு மாதிரி வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டினேன். ராத்திரி போர்த்திப் படுத்தால் கனம் இருந்தது, கதகதப்பு இல்லை. பின்னிரவில் எழுந்து அதன்மேல் பவானி சமக்காளத்தையும் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் தூங்க முடிந்தது.

தெருக்கோடித் தையற்கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "இவ்ளோ நெருக்கி ஓட்டினா பஞ்சு செத்துடும்க்கா. பாதித் தையலுக்கு மேல பிரிச்சு விட்டுடுங்க" என்றார்.

தையலைப் பிரித்தால் சூடு கூடுமா? அப்போது நம்பவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ரஜாய் சூடு தருவதில்லை. சூட்டைத் தருவது உள்ளே படுத்திருக்கிற ஆள். தூங்கும்போது நம் உடம்பு ஏறத்தாழ 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது; பழைய குண்டு பல்ப் ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வெப்பம் எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்பதில்தான் போர்வையின் சாமர்த்தியம் இருக்கிறது.

அதை மெதுவாக்குவது பஞ்சும் அல்ல. பருத்தி இழையின் கெட்டிப் பொருள் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். அப்படியானால் ஒன்றரைக் கிலோ பஞ்சின் சொந்தக் கனஅளவு ஒரே ஒரு லிட்டர். என் ரஜாய் ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். தைப்பதற்கு முன் பஞ்சு இரண்டு சென்டிமீட்டர் உயரம் நின்றது. பெருக்கினால் 66 லிட்டர். அதில் ஒரு லிட்டர் பஞ்சு போக மீதி 65 லிட்டரும் காற்று. காசு கொடுத்து வாங்கியது பஞ்சை, போர்த்திக்கொள்வது காற்றை.

அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. அதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.025, தண்ணீருக்கு 0.6. அதாவது தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டை வாங்கிக் கடத்திவிடும். பிரச்சினை, காற்று அசையாமல் நிற்காது. கம்பிச் சட்டம் கட்டி இரண்டு சேலைகளை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, நடுவில் வெறும் காற்றை விட்டுப் பார்ப்போம் என்று நினைத்தால் அது போர்வையாகாது. உடம்புப் பக்கம் சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். சுற்றிச் சுற்றிச் சூட்டைச் சுமந்து போய் வெளிச்சேலையில் இறக்கிவிட்டு வரும்.

அது போதாதென்று கதிர்வீச்சு வேறு. எந்தச் சூடான பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. இந்த வெற்று இடைவெளியில், காற்றின் வழியே கடந்து போவதைவிட மூன்று நான்கு மடங்கு வெப்பம் கதிராகவே தாண்டிப் போய்விடும். இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பஞ்சின் வேலை இங்கேதான் வருகிறது. கோடிக்கணக்கான இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து காற்றைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்துச் சுற்றவிடாமல் நிறுத்துகின்றன. கதிரையும் வழியிலேயே மறித்து வாங்கிக்கொள்கின்றன. ஆக, பஞ்சு ஒரு காவற்காரன். காவற்காரன் அதிகமானாலும் ஆபத்து: அமுக்கி அடைத்தால் இழையோடு இழை ஒட்டி, சூடு இழை வழியாகவே நடந்து போகப் பாதை கிடைத்துவிடும்.

இனி என் ஒரு அங்குலக் கோடுகளுக்கு வருவோம். மிஷின் தையல் ஓடுகிற இடத்தில் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒட்டிப்போகின்றன. ஊசித் துளை வழியாகக் குளிர் நுழைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மழைக்கோட்டுக்குத்தான் பெரிய பிரச்சினை. ரஜாயில் பிரச்சினை துளை அல்ல, பள்ளம். தையலின் இருபுறமும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்காவது பஞ்சு நசுங்கி வாய்க்கால் மாதிரிக் கிடக்கும். அங்கே சராசரி உயரம் அரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு வாய்க்கால் என்றால் போர்வையின் நூற்றுக்கு நாற்பது பங்கு வாய்க்கால்தான்.

உயரம் நாலில் ஒரு பங்கானால் வெப்பம் நாலு மடங்கு வேகமாகப் போகும். வெப்பம் சராசரி பார்த்துப் போவதில்லை. எங்கே லேசாக இருக்கிறதோ அங்கே கொட்டுகிறது, ஓட்டைப் பானைத் தண்ணீர் மாதிரி. அறை 10 டிகிரி, தோல் 33 டிகிரி, போர்வையின் பரப்பில் உடம்போடு உறவாடுவது ஒன்றரைச் சதுர மீட்டர் என்று உத்தேசமாகப் போட்டேன். ஓர் அங்குலக் கோடுகளோடு 105 வாட் வெளியேறுகிறது. ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடாக்கினால் 67 வாட். உடம்பு தருவதோ 70, 80. முதல் போர்வையில் நான் ஏன் நடுங்கினேன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதே பஞ்சு, அதே சேலை, அதே கனம். வித்தியாசம் நூல் ஓடிய இடம் மட்டும்.

இந்த மாதிரிக் கணக்குகளுக்கென்றே அளவுகள் உண்டு. 1941இல் ஆய்வாளர்கள் காகி, பர்ட்டன், பேஸெட் மூவரும் 'க்ளோ' என்ற அலகை முன்வைத்தார்கள். (கிலோ அல்ல, க்ளோ.) 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சௌகரியமாக இருக்கத் தேவையான உடுப்பு ஒரு க்ளோ, கோட்டும் சூட்டுமாக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்ளலாம். பிரிட்டனில் போர்வைகளுக்கு 'டாக்' என்ற அலகு. லண்டன் கடைகளில் கோடைக்கு 4.5 டாக், குளிர்காலத்துக்கு 13.5 டாக் என்று போர்வை உறையில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள நல்ல பஞ்சு சுமார் ஐந்து டாக். நம் மலைக்கு அது போதும். ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழுகிற ஜனவரி விடியலுக்குப் போதாது.

சரி, தையலே எதிரி என்றால் தைக்காமலே விட்டால் என்ன? அதையும் ஒரு தலையணை உறையில் செய்து பார்த்தேன். நாலு நாளில் பஞ்சு முழுக்க ஒரு மூலைக்குப் போய்க் குவிந்தது. நடுவில் சேலையும் சேலையும் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. பஞ்சு இடம்பெயர்ந்தால் வெற்றிடம் முழுவதும் வாய்க்கால்தான். எனவே தைக்கத்தான் வேண்டும். பஞ்சு நகராத அளவுக்கு மட்டும். அதற்கு மேல் ஒரு வரி ஓட்டினாலும் அழகுக்காக நடுங்குகிறோம் என்று அர்த்தம். நீள இழைப் பருத்தி என்றால் ஐந்தாறு அங்குலம் தாங்கும். பாலியஸ்டர் ஷீட்டாக வாங்கினால் இழைகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பிணைந்திருக்கும், இன்னும் தள்ளித் தைக்கலாம்.

இலவம்பஞ்சு வேறு ரகம். போடி பக்கத்திலிருந்து வருகிற அந்தப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஒவ்வோர் இழையும் மெல்லிய சுவருள்ள குழாய். உள்ளே பெரும்பகுதி காற்று. மேலே மெழுகுப் பூச்சு வேறு, தண்ணீர் ஒட்டாது. உயிர்காப்பு உடுப்புகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். இழைக்கு உள்ளேயும் காற்று, வெளியேயும் காற்று. சூட்டைப் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் வழுவழுப்பான குட்டை இழை, ஒன்றையொன்று பற்றாது. அதனால்தான் அதை எளிதில் நூலாக நூற்க முடிவதில்லை, அதனால்தான் ரஜாய்க்குள் நிற்காமல் ஓடுகிறது. போதாக்குறைக்கு அந்த மெல்லிய குழாய்கள் நாளடைவில் நசுங்கிப்போகும், நசுங்கியது எழுந்திருக்காது. தலையணைக்கு அருமை. போர்வைக்கு நான் வைக்க மாட்டேன்.

பஞ்சே இல்லாமலும் காற்றைப் பிடிக்கலாம். வங்காளத்துக் காந்தா அப்படித்தான். பழைய பருத்திச் சேலைகளை நாலைந்து அடுக்காக விரித்து, வெறும் ஓட்டுத்தையலால் முழுக்க நிரப்புவார்கள். இது மேலே சொன்ன கணக்குக்கு முரண் போலத் தெரியும். ஆனால் காந்தாவில் நசுங்குவதற்கு உப்பிய பஞ்சே இல்லை. கை நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைப்பதால் துணி சின்னச் சின்ன அலைகளாகச் சுருங்குகிறது. தட்டையாக ஒட்டியிருக்க வேண்டிய அடுக்குகள் அலையலையாக விலகி நின்று இடையே காற்றை வைத்துக்கொள்கின்றன. மெஷினில் இறுக்கமில்லாமல் ஓட்டிய 'காந்தா' தட்டையாக, சாதாரணப் போர்வை மாதிரி இருப்பதற்கு அந்த அலை இல்லாததே காரணம். வடகன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் 'கவந்தி' இன்னோர் அழகு: ஒட்டுத்துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைத்துக்கொண்டே வருவார்கள். நான்கு மூலையிலும் பூ மாதிரி ஒரு மடிப்புத்துணி வைத்து முடித்தால்தான் அவர்களுக்கு அது முழுமை.

வீட்டு மிஷினில் தைப்பவர்களுக்கு ஓரத்திலிருந்து தொடங்குவது ஆபத்து. காரணம் மிஷினின் அமைப்பிலேயே இருக்கிறது. நுனியில் கண் உள்ள ஊசி மேல்நூலைக் கீழே கொண்டுபோக, அடியில் பாபின் நூல் அதில் கோத்துப் பூட்டுகிற இந்த முறைக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கினார்; இன்றும் அடிப்படை அதுவே. துணியைப் பின்னால் தள்ளுவது கீழே இருக்கிற பல். அது கீழ்த்துணியைத்தான் பிடிக்கிறது. மேலே ஃபுட் அமுக்கிக்கொண்டு மேல்துணியை உராய்ந்து இழுத்து நிறுத்துகிறது. ஒற்றைச் சட்டையில் இது தெரியாது. இடையில் இரண்டு சென்டிமீட்டர் பஞ்சு இருந்தால் மேலும் கீழும் ஒன்றையொன்று தொடவே இல்லை. கீழ்ச்சேலை முன்னே போகும், மேல்சேலை பின்தங்கிக் கடைசியில் நாலு விரற்கடை மிச்சமாகி மடிந்து நிற்கும். என் முதல் ரஜாயின் கால்மாட்டில் இன்னும் அந்த மடிப்பு இருக்கிறது, டிசைன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

மருந்து: நடுவிலிருந்து ஓரத்துக்கு, சூரியக்கதிர் மாதிரி, பிறகு உருவிவிடக்கூடிய பெரிய கைத்தையல்களை முதலில் போட்டுவிடுங்கள். ஃபுட்டின் அமுக்கத்தைத் தளர்த்துங்கள். 16ஆம் நம்பர் ஊசி, நாலு மில்லிமீட்டர் நீளத் தையல். மேல்நூலின் டென்ஷனையும் குறைத்து, பூட்டு கனத்தின் நடுவே விழுகிறதா என்று ஒரு துண்டில் ஓட்டிப் பாருங்கள். மேலே இருந்தும் தன் பல்லால் துணியைத் தள்ளுகிற வாக்கிங் ஃபுட் கிடைத்தால் பாதித் தலைவலி போகும். இவ்வளவும் பிடிக்காதவர்களுக்குக் கையால் முடிச்சுப் போடுவதே மேல்: ஐந்தாறு அங்குல இடைவெளியில் கெட்டி நூலைக் குத்தி எடுத்து இரட்டை முடிச்சு. வாய்க்காலுக்குப் பதில் ஆங்காங்கே ஒரு குழி. வெப்பக் கணக்கில் அதை அடிக்க ஆளில்லை.

பழைய கம்பளி ஸ்வெட்டர்கள் வீட்டில் கிடந்தால் அவற்றைப் பிரித்து விரித்து நடுவில் வைத்துத் தைப்பது நான் கண்டுபிடித்த சுகம். பின்னல் துணி என்பதால் எங்கும் நகராது, நாலைந்து வரி போதும். ஸ்வெட்டரைத் தனியாகப் போட்டால் அதன் கண்கள் வழியே காற்று சீறிக்கொண்டு போகும். மேலே நெருக்கமாக நெய்த பாப்ளின் ஒன்று மூடிவிட்டால் அதே ஸ்வெட்டர் வேறு ஆளாகிவிடுகிறது. உள்ளே லைனிங் வைத்துத் தைத்த கையில்லாக் கோட்டு இந்த ஊரில் அவ்வளவு பேரும் போடுவது சும்மா இல்லை.

கடைசி எதிரி ஈரம். சாதாரண நாளில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீரை வைத்திருக்கிறது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் நாட்களில் அது இருபதைத் தாண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர். ஈர இழை துவண்டு படுத்துவிடும், உயரம் போகும், உயரத்தோடு காற்றும் போகும். கம்பளி இன்னும் அதிகமாகக் குடிக்கும், ஆனால் குடிக்கும்போது சிறிது வெப்பத்தை வெளிவிடும், சுருள் இழை என்பதால் துவளவும் செய்யாது. பாலியஸ்டர் நூற்றுக்கு அரைப் பங்கு கூட வாங்காது. வெயிலில் போட்டு எடுத்த ரஜாய் உப்பிக்கொண்டு வருவது பிரமை இல்லை, இழைகள் காய்ந்து நிமிர்ந்து பழைய இடத்துக்குத் திரும்புகின்றன.

அண்ணன் சொன்னபடி ஆறில் ஐந்து வரியைப் பிரித்தேன். தைக்க ஐந்து நாள், பிரிக்க எட்டு நாள். பிளேடு பிடித்த விரலில் இரண்டு வெட்டு. பிரித்து உதறி, மாடியில் மத்தியான வெயிலில் இரண்டு நாள் காயவிட்டதும் பஞ்சு மெல்ல மெல்ல எழுந்தது. சமக்காளம் பரணுக்குப் போய்விட்டது. சுங்குடியில் மட்டும், உருவிய நூலின் துளைகள் இன்னும் வரிவரியாகத் தெரிகின்றன; ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒவ்வொன்றையும் எண்ணலாம்.