ஒரே தோட்டம், இரண்டு நிறம்: மதுரை வெயிலில் ஒயின் சுவைப்பது எப்படி?

நம்மூரில் ‘ஒயின்ஷாப்’ என்றால் பிராந்தி, ரம், பீர் விற்கிற கடை. ஒயின் மட்டும் அங்கே மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும். அதை வாங்கிவந்து, பிராந்தி போல ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, ‘என்னப்பா, காடி மாதிரி புளிக்குது’ என்று முகம் சுளிப்பவர்கள் நிறைய. சில நேரம் அவர்கள் சொல்வது சரிதான், பாட்டில் வெயிலில் வெந்துபோயிருக்கும். பல நேரம் குறை ஒயினில் இல்லை; எந்தச் சூட்டில் குடித்தோம் என்பதில் இருக்கிறது.

ஒயினைப் பழகிக்கொள்ள நாலு நாட்டுப் பாட்டில்கள் தேவையில்லை. ஒரே தோட்டத்தின் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, முடிந்தால் இரண்டும் ஒரே ஆண்டு அறுவடை. அது போதும். மண், மழை, வெயில், செய்த கை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், மிஞ்சுவது இரண்டே வித்தியாசம்: திராட்சை என்ன ரகம், தோலோடு ஊறியதா இல்லையா. பெங்களூரை ஒட்டிய நந்தி மலைப் பக்கமும் நாசிக்கிலும் இரண்டு நிறமும் செய்கிற தோட்டங்கள் இருக்கின்றன. வெள்ளைக்கு சோவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க். சிவப்புக்கு ஷிராஸ், கபர்னே சோவின்யோன். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கும். நம் பக்கம் அது உறங்காது என்பதால் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று என்று இரண்டு முறை வெட்டி, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுக்கிறார்கள். வெள்ளைக்கான குலையைப் புளிப்பு குறைவதற்குள் சற்று முன்பே வெட்டுவார்கள். சிவப்புக்கானது தோலும் விதையும் முதிரும்வரை கொடியில் நிற்கும்; அதற்குள் பழத்தில் சர்க்கரையும் ஏறிவிடும். சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் வரும். சிவப்பில் ஆல்கஹால் பெரும்பாலும் ஒரு படி கூட இருப்பது இதனால்தான்.

பாட்டிலைத் திறக்கும் முன் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்கிவந்துவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்கு வருகிற இந்தப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். ஒரு பழத்தைக் காம்புப் பக்கம் பிதுக்கினால் உள்சதை வழுக்கி வெளியே வரும். வெளிறிய பச்சை, கண்ணாடி மாதிரி. மேலே அத்தனை கறுப்பாக இருந்த பழத்தின் சாற்றில் நிறமே இல்லை. இப்போது தோலை மட்டும் அரை நிமிடம் மெல்லுங்கள். நாவல்பழம் தின்றதுபோல நாக்கு தடிக்கும், கன்னத்தின் உள்பக்கம் இழுக்கும். கடைசியாக விதையைக் கடியுங்கள். கொட்டைப்பாக்கின் கசப்பு. டானின், டானின் என்று சொல்கிறார்களே, அந்தத் துவர்ப்பு இதுதான்.

வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து 12 முதல் 18 டிகிரிக் குளிர்ச்சியில் நொதிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோல், விதை எல்லாம் சேர்த்து 24 முதல் 30 டிகிரியில், ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஊறவிடுகிறார்கள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. கறுப்புத் திராட்சையைத் தோலோடு ஊறவிடாமல் மெதுவாகப் பிழிந்தால் அதிலும் வெள்ளை ஒயின் எடுக்கலாம். ஷாம்பெயினில் அப்படித்தான் செய்கிறார்கள். இன்னொரு பழத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லுங்கள். வெறும் இனிப்பும் புளிப்பும்தான். விரலை எடுத்த நொடியில் பன்னீர் வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். ரோஜாவில் இருக்கிற ஜெரானியால், லினலூல் போன்ற மணப்பொருள்கள் இந்தப் பழத்திலும் இருக்கின்றன. ‘சுவை’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இப்படிப் பின்வாசல் வழியாக வரும் மணம்தான். (மிச்சப் பழத்தைச் சர்க்கரை போட்டு ஜாடியில் ஊறவைக்கும் ஆசை வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

இனி சூடு. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பருகவும் என்று லேபிளில் இருக்கும். அது குளிர்நாட்டுக் கல்வீட்டின் அறை, 16, 18 டிகிரி. சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரை வீட்டு அறை பகலில் 33-ஐச் சுலபமாகத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ மணம் அமுங்கிவிடும், குழம்பு போலக் கொழகொழப்பாகத் தெரியும். சிவப்பை 14 முதல் 18 டிகிரிக்கும், வெள்ளையை 8 முதல் 12 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. வெறும் ஐஸை மட்டும் கொட்டினால் இடையில் காற்றுதான் நிற்கும், பாட்டில் சீக்கிரம் குளிராது. கழுத்துவரை முக்கினால் சிவப்புக்குக் கால் மணி நேரம், வெள்ளைக்கு அரை மணி நேரம். ஃப்ரிட்ஜ் என்றால் சிவப்புக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதற்காக வெள்ளையை ஃப்ரிட்ஜின் 4 டிகிரியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றவும் வேண்டாம். அவ்வளவு குளிரில் மணம் எழும்பாது. பத்து நிமிடம் வெளியே வையுங்கள். கிளாஸில் ஐஸ் கட்டி போடுவது நாம் ஒயினுக்குச் செய்கிற பெரிய அநியாயம். பத்தே நிமிடத்தில் பாதித் தண்ணீரைத்தான் குடிப்பீர்கள்.

சுவைக்கிற அறையில் மல்லிகைப்பூ கூடாது. மதுரையில் இதைச் சொன்னால் கோபம்தான் வரும், ஆனால் நாலு முழம் குண்டுமல்லி இருக்கிற அறையில் எந்த வெள்ளை ஒயினின் மணமும் தலைதூக்காது. சென்ட், ஊதுபத்தி, பெருங்காயத் தாளிப்பு, வாயில் வெற்றிலை எல்லாம் அதே கணக்கு. காலி கிளாஸையும் முதலில் முகர்ந்து பாருங்கள். பாத்திரச் சோப்பின் எலுமிச்சை வாசமோ அலமாரி வாசமோ இருந்தால் வெந்நீரில் மறுபடி அலசுங்கள்.

வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸில் 30 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். காம்பைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறும். வெள்ளையை முதலில், சிவப்பை அடுத்து. பிரான்ஸின் பர்கண்டி நிலவறைகளில் சிவப்பை முதலில் ஊற்றும் வழக்கம் உண்டு. நம்மூரில் வெள்ளை காத்திருந்தால் சூடாகிவிடும் என்பதால் அது சரிப்படாது.

கிளாஸை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். வயது ஏற ஏற வெள்ளையின் நிறம் அடர்ந்துகொண்டே போகும், சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்குப் போகும். உட்சுவரில் வழிகிற ‘கண்ணீர்’ ஆல்கஹாலின் வேலை, தரத்துக்குச் சான்று அல்ல. ஆட்டாமல் ஒரு முறை, சுழற்றிவிட்டு ஒரு முறை முகருங்கள். சோவின்யோன் பிளாங்கில் கொய்யாவும் பச்சைக் குடைமிளகாயும் தெரியலாம். ஷிராஸில் நாவல்பழமும் மிளகும். மிளகு என்பது கற்பனை இல்லை; மிளகில் இருக்கிற ரோட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. பிறகு ஒரு தேக்கரண்டியளவு வாயில் எடுத்து, பத்து நொடி புரட்டி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, துப்பிவிடுங்கள். வெள்ளையில் எச்சில் ஊறும், அது புளிப்பு. சிவப்பில் வாய் வறளும்; அது துவர்ப்பு. துப்பிய பிறகு மணம் எத்தனை நொடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். சுமாரான ஒயின் நாலைந்து நொடியில் காணாமல் போகும்.

தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா என்று முடிவு செய்யாதீர்கள். காரமும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று தூக்கிவிடும், டானினும் சேர்ந்தால் நாக்கு எரியும். காரம் குறைத்த வறுத்த ஆட்டுக்கறி சிவப்புக்கு ஒத்துப்போகும். கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மழுங்கடிக்கும். காரச் சாப்பாட்டுக்கு லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் மேல். அயிரை மீன் குழம்போடு சிவப்பு சேரவே சேராது. சிவப்பில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பிவிடும்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய பாட்டில் எது? தக்கை மேலே எழும்பி, மூடியுறைக்கு அடியில் பிசுபிசுப்பு இருந்தால் அது வழியில் வெந்தது. கோடையில் மூடிய லாரியிலோ கார் டிக்கியிலோ ஒரு பகல் கிடந்தாலே போதும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் தக்கைக் கேடு; திருகுமூடிப் பாட்டிலில் இது அபூர்வம். நெயில் பாலிஷ் வாசமோ வினிகர் நெடியோ வந்தால் பாக்டீரியா வேலை. இவை எதுவும் வைத்திருந்தால் சரியாகாது. தீக்குச்சி வாசம் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். வெள்ளையின் அடியில் கற்கண்டுத் தூள் போலப் படிந்திருப்பது டார்ட்டாரிக் உப்பு. கண்ணாடித் துண்டு என்று பயந்து திருப்புகிறார்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 30 மில்லி வீதம் ஆறு வகை விழுங்கினால் 180 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 18 கிராம் சுத்த ஆல்கஹால். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். ஒல்லியான ஒருவர் இந்த அளவிலேயே தாண்டிவிடக்கூடும். துப்பினாலும் வாய்த்தோல் வழியாகக் கொஞ்சம் ஏறும், ஆட்டோவில் போங்கள். ‘சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்று குடிக்கத் தொடங்காதீர்கள். பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள், 21 வயது ஆகாதவர்கள், ஈரல் நோயாளிகள் மூக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையோ, தொற்றுக்குத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையோ எடுப்பவர்களும் அப்படித்தான். கெடாமலிருக்கச் சல்ஃபைட் சேர்த்திருப்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் லேபிளைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

மிஞ்சியதை மூடி, நிற்கவைத்து, சிவப்பானாலும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாள் இரண்டையும் மறுபடி ஊற்றி முகர்ந்து பாருங்கள்: வெள்ளையில் கொய்யா மணம் பாதி போயிருக்கும், சிவப்பில் துவர்ப்பு கொஞ்சம் இளகியிருக்கும்.