அரை அங்குலத் தகடும் நாற்பது ஆண்டுகளும்

"கணக்கைத் தப்பாகப் போட்டுக் கட்டிய பாலம் முதல் நாளே விழுந்திருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் லாரியும் பஸ்ஸும் ஓடின பிறகு எப்படி சார் விழும்?" சிவில் டிப்ளமா படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போக வேண்டும்.

நகரத்தின் நடுவே மிசிசிப்பி ஆறு ஓடுகிறது. அதைக் கடக்கும் ஐ-35 டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் 1967 நவம்பரில் திறக்கப்பட்டது. எட்டு வழித்தடம், தினமும் ஏறக்குறைய 1,40,000 வண்டிகள். படகுகள் தடையில்லாமல் போவதற்காக ஆற்றுக்குள் ஒரு தூண்கூட வைக்கவில்லை. இரு கரைத் தூண்களுக்கும் இடைப்பட்ட நடுக்கண் மட்டும் 456 அடி. 2007 ஆகஸ்ட் 1, மாலை 6.05 மணி. வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் அந்த நடுக்கண் சில நொடிகளில் அப்படியே ஆற்றில் இறங்கியது. இடிந்த பகுதியில் 111 வண்டிகள் இருந்தன. 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். குழந்தைகள் நிறைந்த பள்ளிப் பேருந்து ஒன்று தடுப்புச்சுவரை ஒட்டி நின்றது. அதில் இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறும் விஷயம் அது.

எல்லோரும் முதலில் துருவைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. 1991 முதலே அந்தப் பாலம் குறைபாடுள்ள பாலங்களின் பட்டியலில் இருந்தது, இரு பக்கமும் பாலத்துக்கு ஏறிவரும் அணுகு பகுதிகளில் விரிசல்களும் கண்டிருந்தார்கள். ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்து, துருவும் விரிசலும் காரணம் இல்லை என்று 2008-இல் அறிவித்தது. காரணம், கஸெட் தகடு.

ரயில் நிலையத்தில் நிற்கும்போது நடைமேடைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். பழைய கூரையாக இருந்தால் இரும்புச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகக் கோத்திருக்கும். அதற்குப் பெயர் டிரஸ். மூன்று நான்கு சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு தட்டையான இரும்புத் துண்டு, அதன்மேல் வரிசையாக ரிவெட் குமிழ்கள், எல்லாவற்றுக்கும் மேலே பல அடுக்குப் பெயின்ட். அந்தத் துண்டுதான் கஸெட் தகடு. மினியாபொலிஸ் பாலமும் இதே குடும்பம்தான். அங்கே ஒவ்வொரு சந்திக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு தகடுகள், ஒவ்வொன்றும் ஆளை விடப் பெரியது.

டிரஸ்ஸில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரே ஒரு வேலைதான்: ஒன்று இழுபட வேண்டும், இல்லையென்றால் அமுங்க வேண்டும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். அந்த இழுப்பும் அமுக்கமும் போய்ச் சேரும் இடத்தில், தகட்டுக்குள் என்ன நடக்கிறது?

பாலம் முறியத் தொடங்கிய சந்திக்கு வரைபடத்தில் யூ-10 என்று பெயர். மேல்வரிசையில் இருக்கும் சந்தி அது. கீழே இடப்பக்கத்திலிருந்து ஒரு சாய்சட்டம் வருகிறது. அது அமுங்கும் சட்டம், ஆகவே தகட்டை மேலே, வலப்பக்கமாகத் தள்ளுகிறது. கீழே வலப்பக்கம் இன்னொரு சாய்சட்டம். அது இழுபடும் சட்டம், தகட்டைக் கீழே, வலப்பக்கமாக இழுக்கிறது. மேல்-கீழ் விசைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் சமன்செய்துவிடும். ஆனால் பக்கவாட்டில் பாருங்கள்: தள்ளுகிறவரும் இழுக்கிறவரும் ஒரே திசையில் போகிறார்கள்! இரண்டும் கூடிவிடுகின்றன. அந்த மொத்த விசையையும் மேலே படுத்திருக்கும் கிடைச்சட்டம்தான் இடப்பக்கமாகப் பிடித்து நிறுத்த வேண்டும். ஆக, தகட்டின் கீழ்ப்பாதி வலப்பக்கம் ஓடப் பார்க்கிறது, மேல்பாதி இடப்பக்கம் நிற்கிறது. சீட்டுக்கட்டை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு கையை முன்னும் ஒரு கையைப் பின்னும் நகர்த்தினால் சீட்டுகள் சரியுமே, அந்தச் சரிவு விசை தகடு முழுக்க ஓடுகிறது. நூற்றுக்கணக்கான டன் விசைகள் சந்தித்து, திசை மாறி, கணக்குத் தீர்த்துக்கொண்டு பிரிகின்றன. வெளியே பார்த்தால் தகடு சும்மா இருக்கிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டுகிறார்களே, அங்கே மூங்கில் முறிவதைவிடக் கட்டு நழுவுவதைப் பற்றித்தான் கொத்தனார் கவலைப்படுவார். எஃகுப் பாலத்திலும் அதே கவலை வேண்டும். யூ-10 தகட்டின் தடிமன் அரை அங்குலம். அங்கே ஏறக்குறைய ஓர் அங்குலம் தேவைப்பட்டது.

பாதி தடிமன் என்றால் பாதி பலம்தானே குறையும் என்று தோன்றலாம். இழுப்பதற்கு அது சரி. அமுக்கத்துக்குச் சரியில்லை. ஒரு அஞ்சலட்டையை இரு முனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது. அதையே நிறுத்தி, மேல் விளிம்பில் விரலால் அழுத்துங்கள். சட்டென்று பக்கவாட்டில் பிதுங்கிவிடும். இப்படிப் பிதுங்காமல் எதிர்க்கும் விறைப்பு தடிமனின் கனமடங்காக மாறும். தடிமன் இரண்டில் ஒரு பங்கானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு! அந்த அமுங்கும் சாய்சட்டத்தின் முனையில் தகடு பக்கவாட்டில் பிதுங்கித்தான் பாலம் போனது. முழுப் பாரத்தையும் இரண்டே இரண்டு டிரஸ்கள்தான் தாங்கின. ஒரு சந்தி விட்டுக்கொடுத்தால் பாரம் மாறிப்போக வேறு வழியே கிடையாது.

சரி, முதல் நாளே ஏன் விழவில்லை? பொறியாளர்கள் எந்தக் கட்டுமானத்துக்கும் தேவைக்கு மேல் ஒரு கையிருப்பு வைப்பார்கள். எஃகுக்கும் வரையறுத்த அளவுக்கு மேல் கொஞ்சம் பலம் இருக்கும். தகடு அந்தக் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டு நின்றது. 1977-இல் சாலைப் பரப்பின்மேல் இரண்டு அங்குலம் கான்கிரீட் ஏற்றினார்கள். 1998-இல் தடுப்புச்சுவர்களைக் கனமாக்கினார்கள். அப்புறம் 2007. மறுபடியும் பரப்பைச் சீரமைக்கும் வேலை. கலவையைப் பக்கத்திலேயே கலந்து உடனே போட வேண்டும் என்பதால் அன்று மதியம் மணல், ஜல்லி, இயந்திரங்கள் என்று சுமார் 260 டன்னை மூடிய தடங்களில் கொண்டுவந்து குவித்தார்கள். அந்தக் குவியல் இருந்த இடம் யூ-10 சந்தியை ஒட்டி. மாலை நெரிசலும் சேர்ந்துகொண்டது.

ஒவ்வொரு முறையும் புதுப் பாரத்தைப் பாலம் தாங்குமா என்று பார்த்தவர்கள் சட்டங்களைத்தான் கணக்கிட்டார்கள். கஸெட் தகடு எப்போதும் சட்டத்தைவிடப் பலமாகவே இருக்கும் என்பது துறை முழுக்க இருந்த நம்பிக்கை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கும் வழக்கமே இல்லை. 2008-இல்தான் தகடுகளையும் கணக்கிட வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பக்கம் பாலம் கட்டினால் போதும், "பாலத்துக்குப் பிள்ளை காவு கொடுக்கிறார்களாம்" என்று பேச்சு கிளம்பும். அம்மா என்னை ஒரு வாரம் வாசலைத் தாண்ட விடவில்லை. இந்தப் பேச்சில் எனக்குக் கோபம் வருவது ஒரே காரணத்துக்காக: விபத்து நடந்தால் 'ஆத்தா கேட்டுவிட்டாள்' என்று சொல்லி எல்லோரும் கலைந்துபோகிறோம். பழைய வரைபடத்தை எடுத்து வா, எந்தப் பக்கத்தில் கணக்குப் பிசகியது என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது. புதுப் பாலத்துக்கு நாடா வெட்டப் பணம் கிடைக்கிறது. பழைய பாலங்களின் கணக்கை உட்கார்ந்து மறுபடி சரிபார்க்கும் ஆராய்ச்சிக்குக் கேட்டால் கையை விரிக்கிறார்கள். பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களின் கையில் அந்த வரைபடங்களைக் கொடுத்து, கடைசி வருட புராஜெக்டாகச் செய்யச் சொன்னாலே எவ்வளவோ பிழைகள் வெளியே வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

மினியாபொலிஸில் அதே இடத்தில் 2008 செப்டம்பர் 18 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். இந்த முறை கான்கிரீட், உள்ளே முந்நூறுக்கும் மேற்பட்ட உணரிகள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வேறு வேலைக்காக 1999-லும் 2003-லும் அந்தப் பழைய பாலத்தைப் படம் எடுத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், யூ-10 தகட்டின் ஓரம் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. ஆய்வாளர் ஒருவர் அதை நேரிலும் பார்த்திருக்கிறார், கட்டும்போதே அப்படி அமைந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். கொத்தனார் கையில் இருக்கும் மட்டப்பலகையை அந்த ஓரத்தில் வைத்திருந்தால், இடைவெளி வழியாக வெளிச்சம் தெரிந்திருக்கும்.