கோடு இழுக்கும் முன்: பணத்தடமும் சிடிஆரும் பார்ப்பவர்களுக்கு

இணைய மோசடிப் புகார் ஒன்றின் பணத்தடத்தைத் தேட உட்காரும்போது கையில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: நாலைந்து வங்கி ஸ்டேட்மென்ட், சில எண்களின் சிடிஆர் (அழைப்பு, குறுஞ்செய்தி விவரப் பதிவு), கணக்கு திறந்தபோது கொடுத்த கேஒய்சி. இவற்றை, தொடர்புகளைப் படமாக வரையும் மென்பொருள்களான அனலிஸ்ட்ஸ் நோட்புக்கிலோ, மால்டெகோவிலோ, இலவசமாகக் கிடைக்கும் கெஃபியிலோ ஏற்றினால் சில நிமிடங்களில் வலைப்படம் வந்துவிடும். படத்தைப் பார்த்ததும் மனசு முடிவெடுத்துவிடும். ஆனால் தப்பு அதற்கு முன்பே, எக்செலைத் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் நுழைந்திருக்கும்.

எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் அடுக்குக் குறியாகத் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் அசல் எண் திரும்பக் கிடைக்காது. இரண்டு வங்கி ஸ்டேட்மென்ட்களைப் பொருத்துவதே அந்த எண்ணை வைத்துத்தான். எனவே கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா மெனு வழியாக இறக்கி, எண் உள்ள நெடுவரிசைகள் எல்லாவற்றையும் டெக்ஸ்ட் என்று குறியுங்கள். அதற்கும் முன், மூலக் கோப்பின் ஷா-256 ஹாஷை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டை) எடுத்து வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் ஐபி பதிவு பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் வரும். அதில் இரவு 11.30 என்றால் சென்னையில் மறுநாள் அதிகாலை 5 மணி. தேதியே மாறிவிடுகிறது.

அடுத்தது பெயர். வெளிநாட்டு மென்பொருள் நம் பெயர்களிடம் தோற்றுப்போகும் இடம் இது. செழியனை ஒரு வங்கி ஆங்கில ‘எஸ்’ஸில் தொடங்கி எழுதும், இன்னொன்று ‘சி’யில் தொடங்கும். ஒலியை வைத்துப் பெயர்களைப் பொருத்தும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் இந்த இரண்டையும் சேர்க்கவே சேர்க்காது. இளங்கோவுக்கும் இதே கதிதான். தரவைச் சீராக்கும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளின் ஃபிங்கர்பிரின்ட் முறை புள்ளிகளை நீக்கிச் சொற்களை அகரவரிசைப்படுத்துவதால் ‘எஸ். முருகன்’, ‘முருகன் எஸ்’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எழுத்துமுறை வேறுபாட்டை அதுவும் பிடிக்காது. ழகரத்தின் ‘இசட்எச்’சை ‘எல்’ ஆக்குவது, ‘டிஎச்’சை ‘டி’ ஆக்குவது, இரட்டை எழுத்தை ஒற்றையாக்குவது என்று நாமே விதி எழுதித் தனி நெடுவரிசை போடுவதுதான் வழி. ஆனால் சென்னையில் எஸ். முருகன்கள் எத்தனையோ பேர். தந்தை பெயரும் பிறந்த தேதியும் பொருந்தாமல் இருவரை ஒருவராக்காதீர்கள். பிரித்து வைத்ததைப் பிறகு சேர்க்கலாம். சேர்த்துவிட்டதைப் பிரிப்பது பெரும்பாடு.

இனி கோடுகள். இரண்டு கணக்கும் ஒரே டீக்கடை க்யூஆருக்குப் பணம் அனுப்பியிருந்தால் கெஃபி அதையும் தொடர்பாகத்தான் வரையும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெரு டவரில் இரண்டு எண்கள் ஒன்றாகத் தெரிந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ரிச்சி தெருவில் கைமாறிய பழைய போனின் ஐஎம்இஐ (போனுக்கான அடையாள எண்), ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவரை இணைத்துவிடும். ஐஎம்இஐயின் 15-ஆவது இலக்கம் சரிபார்ப்புக்கானது. சிடிஆரில் பல நேரம் 0 என்று வரும். பெட்டியில் அச்சிட்டதோடு ஒப்பிடும்போது முதல் 14-ஐ மட்டும் பொருத்துங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகே கருதுகோள். சிஐஏவில் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹோயர் வகுத்த முறை இங்கே உதவும்: போட்டிபோடும் விளக்கங்களை மேலே வரிசையாக எழுதி, சான்றுகளைப் பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொரு சான்றும் எந்த விளக்கத்தோடு முரண்படுகிறது என்று பார்ப்பது. ஒரு எக்செல் தாள் போதும். கணக்குக்காரர் கணக்கை வாடகைக்கு விட்டாரா, அவர் எண்ணுக்கு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கினார்களா, போனில் வேவு செயலி நுழைந்ததா? ‘பணம் வந்த சில நிமிடத்தில் வெளியேறியது’ என்ற சான்று மூன்றுக்குமே பொருந்தும். பார்க்கப் பெரிய விஷயம், ஆனால் எதையும் பிரித்துக் காட்டாது.

சிடிஆரில் இரண்டு நெடுவரிசைகள் பிரித்துக் காட்டும். சிம்மைக் கழற்றி வேறொருவரிடம் கொடுத்திருந்தால் ஐஎம்எஸ்ஐ (சிம்முக்கான அடையாள எண்) அதேதான், ஐஎம்இஐ மாறும். டூப்ளிகேட் சிம் என்றால் ஐஎம்எஸ்ஐயே மாறும். அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸாப்பில் வரும் ஏபிகேயை (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) நிறுவி மாட்டியிருந்தால் இரண்டும் மாறாது. ஐஎம்இஐ மட்டும் மாறியதாலேயே வாடகைக் கணக்கு என்று எழுதிவிடக் கூடாது. அவரே புதுப் போன் வாங்கியிருக்கலாம். மாறிய பிறகும் வீட்டு எண்களுக்கு வழக்கம்போல அழைப்பு போகிறதா, இரவில் அதே டவரில் நிற்கிறதா? அழைப்பே இல்லாமல் வங்கியின் குறுஞ்செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தால், அந்த சிம் ஓடிபி வாங்க மட்டுமே உயிரோடு இருக்கிறது.

அறிக்கையில் ‘இருக்கலாம்’ என்று விட்டுவிட்டால், படிக்கும் அதிகாரி ஒருவர் அதைப் பாதிக்குப் பாதி என்பார், இன்னொருவர் உறுதி என்று எடுத்துக்கொள்வார். 1964-இல் சிஐஏவின் ஷெர்மன் கென்ட் இதற்காகவே சொற்களுக்கு எண் கொடுத்தார்: ஏறக்குறைய உறுதி என்றால் சுமார் 93%, பெரும்பாலும் என்றால் சுமார் 75%. அப்படியே எழுதலாம்: ‘கணக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கவே பெரும்பாலும் வாய்ப்பு, சுமார் 75%. போனைத் தொலைத்ததாக அதே வாரத்தில் கொடுத்த புகார் கிடைத்தால் இந்த மதிப்பீடு மாறும்.’